காமகுராவும் எனோஷிமாவும்: கடற்கரைக் கோயில்களுக்கு ஒருநாள் பயணம்

வாசகர் கேள்வி – பதில்

டோக்கியோவிலிருந்து காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பிவிடக்கூடிய கடற்கரைக் கோயில்களைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழில் தொகுத்திருக்கிறோம். பெரும்பாலோர் கேட்டிருப்பது காமகுரா நகரையும், அதற்கு மேற்கே சகாமி வளைகுடாவில் இருக்கும் எனோஷிமா தீவையும் பற்றியே.

கேள்வி: எங்கள் மகன் டோக்கியோவில் வேலை பார்க்கிறான். ஏப்ரல் கடைசியில் நானும் என் கணவரும் அங்கே செல்கிறோம். ஒரு நாளைக் கடற்கரைக் கோயில்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். காலை எட்டு மணிக்குப் பேருந்தில் ஏற்றி, ஆறு இடங்களைக் காட்டி, மாலை ஆறு மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவதாக ஒரு சுற்றுலா நிறுவனம் சொல்கிறது. பணம் கட்டலாமா? (வாசகி, கோயம்புத்தூர்)

கட்ட வேண்டாம் என்பதே என் கருத்து. கையில் இருப்பது பத்து மணி நேரம். டோக்கியோவிலிருந்து காமகுரா ஐம்பது கிலோமீட்டர் தொலைவுதான் என்றாலும், சாலை நெரிசலில் போக வர மூன்று மணி நேரத்துக்கு மேல் பேருந்திலேயே போய்விடும். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால், மிச்சமுள்ள ஆறு மணி நேரத்தில் ஆறு இடங்களைப் பார்க்க வேண்டும். வண்டி நிறுத்தத்திலிருந்து சன்னிதி வரை நடக்கும் நேரமும் அதற்குள்தான் அடங்கியாக வேண்டும். எனோஷிமா தீவுக்கு மட்டுமே மூன்று மணி நேரம் தேவைப்படுகையில், இத்தகைய பயணத்தில் தீவின் வாசலில் இறக்கி, கடைத்தெருவைக் காட்டி, முதல் ஆலயத்தோடு திருப்பி அழைத்து வந்துவிடுவார்கள். தீவின் கடைசியில், பாறைக்குக் கீழே அலை மோதும் இடத்தில் இருக்கும் குகைகளே அந்தத் தலத்தின் மூலஸ்தானம். அதைப் பார்க்காமல் திரும்புவதற்கு அங்கே போகாமலே இருந்துவிடலாம்.

டோக்கியோ நிலையத்திலிருந்து ஜப்பான் ரயில்வேயின் (ஜே.ஆர்.) யொகொசுகா தடத்தில் ரயில் ஏறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் காமகுரா வந்துவிடும். வழிகாட்டி வேண்டுமென்றால், அங்கே நிலையத்தில் வந்து சேர்ந்துகொண்டு உடன் நடந்து வரும் ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். காமகுராவிலிருந்து எனோதென் என்னும் சிறிய ரயில் ஓடுகிறது. பத்து கிலோமீட்டர் நீளமே உள்ள அந்தப் பாதை 1902-இல் ஓடத் தொடங்கி 1910-இல் முழுமை பெற்றது. வீடுகளின் கொல்லைப்புறத்தை உரசுவதுபோல் சென்று, பிறகு சட்டென்று கடலோரத்துக்கு வந்துவிடும். ஒரு நாள் முழுவதும் ஏறி இறங்கப் பயணச்சீட்டு 800 யென்.

பெரும்பாலான குழுக்கள் சுருகாஒகா ஹச்சிமன்கூ ஆலயத்தில் தொடங்குகின்றன. நான் அதைக் கடைசிக்கு வைக்கச் சொல்வேன். ஹசே பகுதியிலுள்ள பெரிய புத்தரும் ஹசேதெரா கோயிலும் காலை எட்டு மணிக்குத் திறந்து மாலை ஐந்து மணியளவில் மூடிவிடுகின்றன. ஹச்சிமன்கூ வளாகமோ இரவு வரை திறந்திருக்கும். ஆகவே, காலை எட்டரைக்குள் ஹசேக்குச் சென்று அவை இரண்டையும் பார்த்துவிட்டு, பதினொரு மணி வாக்கில் எனோஷிமாவுக்கு ரயில் ஏறி, பிற்பகல் முழுவதையும் தீவில் செலவிட்டு, காலில் வலு மிச்சமிருந்தால் மாலையில் ஹச்சிமன்கூவுக்குச் செல்லுங்கள். வலு இல்லாவிட்டால் அதை விட்டுவிடுங்கள். மூன்று இடங்களை நிதானமாகப் பார்த்தால் அந்த நாள் நிறைவாகவே இருக்கும்.

நீங்கள் செல்லும் காலத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஏப்ரல் 29 முதல் மே 5 வரை ஜப்பானில் தொடர் விடுமுறை. அந்த நாட்களில் எனோதென் ரயிலில் ஏறுவதற்கே நிலையத்துக்கு வெளியில் வரிசை நிற்கும். மகனிடம் சொல்லி, 28-ஆம் தேதிக்கு முன் ஒரு வேலைநாளைத் தேர்ந்தெடுக்கப் பாருங்கள்.

கேள்வி: வழிகாட்டி உண்மையிலேயே தேவையா? தகுதியான வழிகாட்டியை எப்படி அறிவது? (வாசகர், மதுரை)

பெரிய புத்தரைப் பார்க்க வழிகாட்டி தேவையில்லை. எனோஷிமாவுக்கும் ஹச்சிமன்கூவுக்கும் தேவை. இந்த இரண்டு இடங்களிலும் இப்போது கண்ணில் படுவதைவிட, முன்பு இருந்து பிறகு அகற்றப்பட்டவை அதிகம் என்பதே அதற்குக் காரணம்.

ஹச்சிமன்கூவையே எடுத்துக்கொள்வோம். 1063-இல் மினமோதோ நோ யொரியொஷி என்னும் படைத்தலைவர் அதைக் கடற்கரைக்கு அருகில் நிறுவினார். அவர் வழிவந்த யொரிதோமோ 1180-இல் அதை இன்றுள்ள மலையடிவாரத்துக்கு மாற்றினார். அவர்தான் 1192-இல் ஷோகுன் பட்டம் பெற்று, காமகுராவிலிருந்து நாட்டை ஆளும் படைத்தலைவர் ஆட்சிக்கு அடித்தளம் இட்டவர். ஆலயத்திலிருந்து கடலை நோக்கி நேராக ஓடும் அகன்ற சாலையின் நடுவில், சற்று உயர்த்திக் கட்டிய நடைபாதை ஒன்று இருக்கிறது. தம் மனைவி மசாகோவுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு யொரிதோமோ 1182-இல் அமைத்தது அது. ஆலயத்தை நெருங்க நெருங்க அதன் அகலம் குறைந்துகொண்டே வருவதால், கடற்புறத்திலிருந்து பார்க்கும்போது உண்மையைவிட நீளமாகத் தெரியும். யாராவது நிறுத்திக் காட்டினாலொழிய அது நம் கண்ணில் படாது. மேலே ஏறும் கற்படிகளுக்கு அருகில்தான் யொரிதோமோவின் மகனும் மூன்றாம் ஷோகுனுமான சனெதோமோ 1219-இல் தம் அண்ணன் மகனால் வெட்டிக் கொல்லப்பட்டார். படியோரத்தில் நின்ற முதிய கின்கோ மரம் 2010 மார்ச்சில் காற்றில் சாய்ந்துவிட்டது. அதன் அடிக்கட்டையிலிருந்து துளிர்த்த கன்றை வேலியிட்டுப் பாதுகாத்து வருகிறார்கள்.

தகுதியைப் பொறுத்தவரை, வெளிநாட்டவருக்கான மொழிபெயர்ப்பு வழிகாட்டிகளுக்கு 1949 முதல் ஜப்பானில் அரசுத் தேர்வு உண்டு. 2018 ஜனவரியில் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, அத்தேர்வில் தேறாதவர்களும் கட்டணம் பெற்று வழிகாட்டலாம். ஆனால் உரிமம் பெற்ற வழிகாட்டி என்று தம்மைச் சொல்லிக்கொள்ளக் கூடாது. உரிமம் இல்லாதவர்களிலும் நல்லவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், பதிவு செய்யும் முன் மூன்று செய்திகளைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது: உரிமம் உண்டா, எனோஷிமாவில் குகை வரை உடன் வருவாரா, நுழைவுக் கட்டணங்கள் பயணக் கட்டணத்தில் அடங்குமா. இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலே அந்தப் பயணத்தின் தரத்தைக் காட்டிவிடும்.

கேள்வி: காமகுராவின் பெரிய புத்தர் ஏன் மண்டபமில்லாமல் வெட்டவெளியில் அமர்ந்திருக்கிறார்? ஆழிப்பேரலை கோயிலை அடித்துச் சென்றது உண்மையா? (கல்லூரி மாணவர், திருச்சி)

கோதொகு-இன் கோயிலில் உள்ள அந்தச் சிலை அமிதாப புத்தருடையது. வெண்கலத்தில் வார்க்கும் பணி 1252-இல் தொடங்கியது. பீடம் நீங்கலாக உயரம் 11.3 மீட்டர், எடை ஏறத்தாழ 121 டன். அதற்கு முன் 1243-இல் அதே இடத்தில் மரத்தால் ஆன பெரிய புத்தர் சிலை நிறைவுற்றதாகப் பழைய குறிப்புகள் கூறுகின்றன.

வெண்கலச் சிலைக்கு மண்டபம் இருந்தது. இன்றும் சிலையைச் சுற்றிலும் தூண்களைத் தாங்கிய பெரிய அடிக்கற்கள் கிடக்கின்றன. 1334-இலும் 1369-இலும் வீசிய புயல்களில் மண்டபம் சேதமுற்றது. 1498-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தைத் தொடர்ந்து வந்த ஆழிப்பேரலை அதை அடித்துச் சென்றது என்பதுதான் பல வழிகாட்டிகள் சொல்லும் கதை. ஆனால் 1486-இல் அங்கு வந்த பன்ரி ஷூக்யூ என்னும் கவிஞரான துறவி, மண்டபம் இல்லை என்றும் புத்தர் வெளியில் அமர்ந்திருக்கிறார் என்றும் அப்போதே எழுதிவைத்துவிட்டார். ஆகவே, அந்தக் காலகட்டத்தில் கடல் உள்ளே புகுந்தது உண்மையாக இருக்கலாம் என்றாலும், மண்டபம் அதற்கு முன்பே இல்லாமல் போய்விட்டது என்று கொள்வதே பொருந்தும். உங்கள் வழிகாட்டி 1498 என்று சொன்னால், இந்தத் துறவியைப் பற்றிப் பணிவாகக் கேட்டுப் பாருங்கள். விஷயம் தெரிந்தவராக இருந்தால் மகிழ்ச்சியோடு மேலும் பேசுவார்.

நுழைவுக் கட்டணம் 300 யென். கூடுதலாக 50 யென் கொடுத்தால் சிலையின் வயிற்றுக்குள் செல்லலாம். கூட்டம் அதிகமென்று பலர் அதைத் தவிர்த்துவிடுகிறார்கள். தவிர்க்கக் கூடாது. உள்ளே அரையிருட்டில் நின்று சுவரைப் பார்த்தால், சிலையை அடியிலிருந்து மேலாக அடுக்கடுக்காக வார்த்து ஏற்றியதன் இணைப்புக் கோடுகள் கட்டம் கட்டமாகத் தெரியும். அண்ணாந்து பார்த்தால் தலையின் உட்புறம் ஒரு குழிவாகத் தென்படும். கழுத்துப் பகுதியில் மட்டும் சுவரின் தோற்றம் மாறுபட்டிருக்கும். தலையின் பாரத்தால் கழுத்து விரிசல் காணாதபடி, 1960–61-இல் இழை சேர்த்த பிளாஸ்டிக்கைப் பூசி அதை வலுப்படுத்தினார்கள். 1923-ஆம் ஆண்டுப் பெரும் நிலநடுக்கத்தில் சிலை இடம்பெயர்ந்த அனுபவம் இருந்ததால், மீண்டும் நிலம் அதிர்ந்தால் பீடத்தின் மேல் சிலை வழுக்கி நகர்ந்து அதிர்வைத் தணித்துக்கொள்ளும்படியும் அப்போதே ஏற்பாடு செய்தார்கள். வெளியே வந்ததும் முகத்தின் வலது கன்னத்தை உற்றுப் பாருங்கள். ஒருகாலத்தில் சிலை முழுவதும் ஒட்டியிருந்த பொன் தகட்டின் எச்சம் அங்கே இன்னும் இருக்கிறது.

கேள்வி: அதே கோயில் வளாகத்தில் ஜே.ஆர். ஜயவர்த்தனவுக்கு நினைவுக்கல் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். உண்மையா? (வாசகர், யாழ்ப்பாணம்)

உண்மை. 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த சமாதான மாநாட்டில் இலங்கையின் நிதியமைச்சராகக் கலந்துகொண்ட ஜயவர்த்தன, ஜப்பானிடம் இலங்கை போர் இழப்பீடு கோராது என்று அறிவித்தார். பகைமை பகைமையால் தணிவதில்லை, அன்பினாலேயே தணியும் என்ற தம்மபத வாசகத்தை அவர் அங்கே எடுத்துச் சொன்னதை ஜப்பானியர் நன்றியோடு நினைவில் வைத்திருக்கிறார்கள். அந்த வாசகத்தைப் பொறித்த கல் 1991-இல் அங்கே நிறுவப்பட்டது.

அவர் ஜனாதிபதியாக இருந்த 1983 ஜூலையில் தமிழர்களுக்கு நேர்ந்ததை அறிந்த எவருக்கும் அந்தக் கல்லின் முன் நிற்பது எளிதாக இராது. ஜப்பானிய வழிகாட்டிகள் அதைத் தம் நாட்டு வரலாற்றின் பக்கம் நின்று மட்டுமே விளக்குவார்கள். அதற்காக அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் தமிழ்ப் பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்பவர்கள், 1951, 1983 ஆகிய இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தே அவர்களுக்குச் சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன்.

கேள்வி: ஹசேதெரா கோயிலின் கன்னொன் சிலை கடலில் மிதந்து வந்ததாமே? கன்னொன் என்பது நம் பௌத்த நூல்களில் வரும் அவலோகிதரா? (ஆசிரியை, சென்னை)

ஆம், அவலோகிதேசுவரரையே ஜப்பானில் கன்னொன் என்று வழிபடுகிறார்கள். தலபுராணம் இப்படிச் செல்கிறது: 721-இல் தொகுதோ என்னும் துறவி யமதோ நாட்டு மலையில் ஒரு பெரிய கற்பூர மரத்தைக் கண்டார். அடிமரத்திலிருந்து ஒரு பதினொரு முகக் கன்னொனும் நுனிமரத்திலிருந்து மற்றொன்றும் செதுக்கச் செய்தார். ஒன்று இன்றைய நாரா மாநிலத்தின் ஹசே கோயிலில் நிலைபெற, மற்றொன்றை உயிர்களுக்கு உதவட்டும் என்று வேண்டிக் கடலில் விட்டார்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்து, 736-இல் அது காமகுராவுக்குத் தெற்கே ஒரு கடற்கரையில் ஒதுங்க, அங்கிருந்து எடுத்துவந்து இக்கோயிலை அமைத்தார்கள். இது நம்பிக்கை சார்ந்த கதை. ஆனால் 9.18 மீட்டர் உயரமுள்ள, பொன் பூசிய அந்த மரச்சிலையின் முன் நிற்கும்போது, கடல் இந்தக் கோயிலின் கதைக்குள் எப்படி வந்தது என்ற கேள்வியே எழாது. மண்டபத்தை விட்டு வெளியே வந்தால் கீழே யுய்கஹமா கடற்கரை முழுவதும் விரிந்து கிடக்கிறது.

பொதுவாகக் கன்னொன் கையில் தாமரையோ கமண்டலமோ மட்டும் இருக்கும். ஹசே மரபுச் சிலைகளின் வலக்கையில் துறவியின் கோலும் இருக்கிறது. தாமே நடந்து வந்து உலகத்தாரின் துயரைக் களைபவர் என்பதற்கான அடையாளம் அது. மண்டபத்துக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை என்பதால், கண்ணால் பார்த்து மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் ஆசிரியை என்பதால் இன்னொன்றையும் சொல்கிறேன். பௌத்த நூல்கள் அவலோகிதரின் இருப்பிடமாகப் போதலக மலையைக் கூறுகின்றன. ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த யுவான் சுவாங் அம்மலை தென்கோடியில், மலகூட நாட்டில் இருப்பதாக எழுதினார். அது நம் பொதியில் மலையே என்று ஷு ஹிகோசகா என்னும் ஜப்பானிய அறிஞர் வாதிட்டிருக்கிறார். பதினோராம் நூற்றாண்டில் புத்தமித்திரர் இயற்றிய வீரசோழியம், அகத்தியர் தமிழைக் கேட்டுக் கற்றது அவலோகிதரிடம் என்று சொல்கிறது. தென்கடலுக்கு அப்பால் அந்த மலை இருப்பதாக நம்பிய ஜப்பானியத் துறவிகள், இடைக்காலத்தில் அதைத் தேடிப் படகேறித் திரும்பாமலே போனதுண்டு. காமகுராவிலேயே ஜைமொகுஜா கடற்கரைக்கு அருகில் அந்த மலையின் பெயரைத் தாங்கிய சிறு கோயில் ஒன்று இருக்கிறது. கன்னொனின் மலை எங்கள் ஊரில் இருப்பதாகச் சொல்வார்கள் என்று நீங்கள் வழிகாட்டியிடம் சொன்னால், அன்றைக்கு அவர் உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதும் கொஞ்சம் இருக்கும்.

கேள்வி: நான் வீணை ஆசிரியை. எனோஷிமாவில் சரஸ்வதி கோயில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அங்கே இருப்பது நம் சரஸ்வதிதானா? ஷிண்டோ ஆலயத்துக்குள் எப்படி வந்தாள்? (வாசகி, தஞ்சாவூர்)

இந்தப் பயணத்தின் சாரமே உங்கள் கேள்வியில் இருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

சரஸ்வதி ஜப்பானுக்குச் சென்றது பௌத்த சூத்திரங்களின் வழியாக, சீன மொழிபெயர்ப்பில். பொன்னொளிச் சூத்திரம் எனப்படும் சுவர்ணப்பிரபாச சூத்திரத்தில் அவள் எட்டுக் கைகளில் படைக்கலம் ஏந்தி நாட்டைக் காப்பவளாக வருகிறாள். நாம் வழிபடும் சாந்தமான வாணியை மட்டும் எதிர்பார்த்துச் சென்றால் இது வியப்பளிக்கும். பென்சாய்தென் என்ற பெயரில் நிலைபெற்ற அவளை, நீரோடு தொடர்புடையவள் என்பதால், ஏரிக்கரையிலும் தீவிலும் குகையிலும் குடியேற்றினார்கள். நதியாக வேதத்தில் பாடப்பட்டவள் அங்கே கடலுக்கும் உரியவள் ஆனாள்.

எனோஷிமாவின் தலபுராணத்தை 1047-இல் கோகெய் என்னும் துறவி எழுதினார் என்பது மரபு. அப்பகுதியில் ஐந்து தலை நாகம் ஒன்று குழந்தைகளை விழுங்கிவந்தது. 552-ஆம் ஆண்டில் கடல் கொந்தளித்து, நிலம் அதிர்ந்து, தீவு மேலெழும்ப, அதில் தேவி இறங்கினாள். அவள் அழகில் மயங்கிய நாகம் மணம் புரியக் கேட்டபோது, கொடுமையை விட்டாலொழிய இசையேன் என்று மறுத்தாள். நாகம் திருந்தி ஊரைக் காக்கும் குன்றாயிற்று.

1182-இல் யொரிதோமோவின் பொருட்டு மொங்ககு என்னும் துறவி இத்தீவில் எட்டுக்கைப் பென்சாய்தெனை எழுந்தருளச் செய்தார். அந்தப் போர்த்தெய்வ வடிவம் இப்போது முதல் ஆலயமான ஹெத்சுனோமியாவுக்கு அருகில், எண்கோண மண்டபத்தில் இருக்கிறது. அதே மண்டபத்தில்தான் நீங்கள் காண விரும்பும் மற்றொரு வடிவமும் இருக்கிறது: வெண்ணிற மேனியோடு, ஒரு காலை மடித்து அமர்ந்து, பீவா என்னும் நரம்புக் கருவியை ஏந்தியிருக்கும் பென்சாய்தென். அந்தச் சிலை ஆடையின்றி வடிக்கப்பட்டிருப்பதைக் கண்டு திடுக்கிட வேண்டாம். காமகுராக் காலத்தில் தெய்வ உருவங்களை அவ்வாறு செதுக்கும் வழக்கம் ஓரளவு இருந்தது. பீவாவை நம் வீணையோடு ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்குத் தோன்றும். அது குறுகிய கழுத்தும் பேரிக்காய் வடிவ உடலும் கொண்டு, பெரிய தகட்டால் மீட்டப்படும் கருவி. குடும்பத்தால் அது வேறு. கலைஞர்கள் அவளை நாடி வருவது மட்டும் இரண்டு நாட்டிலும் ஒன்றே.

இசைவாணர்களும் நடிகர்களும் எடோ காலத்தில் (1603–1868) இத்தீவுக்குத் திரளாக வந்தார்கள். பார்வையற்றோருக்கும் இவள் தனித்துணை. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த சுகியாமா வாயிச்சி என்னும் பார்வையற்ற ஊசி மருத்துவர், கைத்திறன் கைகூடாமல் இங்குள்ள குகையில் நோன்பிருந்தார். திரும்பும் வழியில் ஒரு கல்லில் தடுக்கி விழுந்தபோது, சுருண்ட இலைக்குழாய்க்குள் பைன் ஊசியிலை ஒன்று கையில் அகப்பட, சிறு குழாயின் வழியே ஊசியைச் செலுத்தும் முறை அவருக்குத் தோன்றியது என்பார்கள். பின்னாளில் அவர் ஷோகுனுக்கே மருத்துவரானார். குழாய்வழி ஊசி செலுத்தும் முறை இன்றும் வழக்கில் இருக்கிறது. அவர் தடுக்கி விழுந்ததாகச் சொல்லப்படும் கல்லை ஹெத்சுனோமியாவுக்கு ஏறும் வழியில் காணலாம்.

ஷிண்டோ ஆலயத்துக்குள் அவள் எப்படி வந்தாள் என்று கேட்டிருக்கிறீர்கள். நடந்தது அதற்கு நேர்மாறானது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அங்கே பௌத்தமும் ஜப்பானின் பூர்வீக நெறியான ஷிண்டோவும் ஒரே வளாகத்தில், பல நேரங்களில் ஒரே சன்னிதியில் கலந்திருந்தன. எனோஷிமா பென்சாய்தெனின் தலமாகவே இருந்து, பௌத்த மடங்களால் நிர்வகிக்கப்பட்டது. 1868-இல் மெய்ஜி பேரரசரின் புதிய அரசு இரண்டு நெறிகளையும் பிரிக்க ஆணையிட்டதும், தலம் எனோஷிமா ஆலயம் ஆயிற்று, கடல்தேவியரான மூன்று சகோதரியர் மூலவராயினர், மடங்களில் ஒன்று பயணியர் விடுதியாக மாறியது. ஹச்சிமன்கூவிலும் அப்படியே: பௌத்த மண்டபங்களும் பகோடாவும் இடிக்கப்பட்டு, சிலைகள் வேறு கோயில்களுக்குச் சிதறின. பென்சாய்தென் மட்டும் மக்களின் மனத்திலிருந்து அகலவில்லை. இன்றும் அத்தீவுக்குச் செல்பவர்களில் பெரும்பாலோர் அவளையே நினைத்துப் படியேறுகிறார்கள்.

எண்கோண மண்டபத்துக்குத் தனிக் கட்டணம் உண்டு. சிறு தொகைதான். அங்கிருந்து நகத்சுனோமியா, ஒகுத்சுனோமியா ஆகிய ஆலயங்களைக் கடந்து, மறுபுறம் இறங்கினால் குகைகள். 1971-இல் பாறை சரிந்து மூடப்பட்ட அவை 1993-இல் மீண்டும் திறக்கப்பட்டன. முதல் குகை 152 மீட்டர் ஆழம். உள்ளே கையில் ஒரு மெழுகுவத்தி கொடுப்பார்கள். குனிந்து செல்ல வேண்டிய இடத்தில், ஈரச் சுவரை ஒட்டி வரிசையாக நிற்கும் தேய்ந்த கற்சிலைகளை அந்த வெளிச்சத்தில்தான் பார்க்க முடியும். கடல் கொந்தளிக்கும் நாட்களில் குகைகளை மூடிவிடுவதால், புறப்படும் காலையில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அங்கே எப்படி வழிபட வேண்டும்? செருப்பைக் கழற்ற வேண்டுமா? அர்ச்சனை, பிரசாதம் உண்டா? (வாசகர், சேலம்)

வளாகத்தில் செருப்போடு நடக்கலாம். மண்டபத்துக்குள் பாய் விரித்த தரையில் ஏறும்போது மட்டும் கழற்ற வேண்டும். ஓட்டையில்லாத காலுறை அணிந்து செல்வது நல்லது. ஆலயத்தின் தோரி வாயிலில் தலைவணங்கி, நடுவை விட்டு ஓரமாக நுழைவார்கள். தண்ணீர்த் தொட்டியில் முதலில் இடக்கை, பிறகு வலக்கை, பிறகு இடக்கையில் வார்த்த நீரால் வாய், மறுபடி இடக்கை, கடைசியாக அகப்பையைச் செங்குத்தாக நிமிர்த்தி அதன் கைப்பிடி என்று கழுவுவது முறை. அகப்பையை வாயில் வைக்கவே கூடாது. ஷிண்டோ ஆலயத்தில் காசு இட்டு, இருமுறை குனிந்து, இருமுறை கைதட்டி, ஒருமுறை குனிந்து வணங்குவார்கள். பௌத்தக் கோயிலில் கைதட்டக் கூடாது. நம்மைப் போலவே கைகூப்பினால் போதும்.

தனிப்பெயருக்கு அர்ச்சனை, தட்டுப் பிரசாதம் போன்ற வழக்கங்களை எதிர்பார்க்க வேண்டாம். அதற்கு ஈடாக, மடிப்பேடு ஒன்றை வாங்கி ஒவ்வொரு தலத்திலும் நீட்டினால், தூரிகையால் தலத்தின் பெயரையும் நாளையும் எழுதிச் சிவப்பு முத்திரை இட்டுத் தருவார்கள். ஒவ்வொன்றும் 300 முதல் 500 யென் வரை. வழிபட்டுவிட்டு வந்து வாங்குவதே மரபு.

கேள்வி: எழுபது வயதைக் கடந்த அப்பா, அம்மாவை அழைத்துச் செல்லலாமா? (வாசகர், சிங்கப்பூர்)

அழைத்துச் செல்லலாம், ஆனால் எனோஷிமாவின் படிகளைக் கணக்கில் கொள்ள வேண்டும். தீவின் நுழைவாயிலிலிருந்து மேலே ஏற 1959 முதல் நகரும் படிக்கட்டு இருக்கிறது. கட்டணம் உண்டு. ஏறுவதற்கு மட்டுமே உதவும், இறக்கம் முழுவதும் கால்நடைதான். தீவின் உச்சிக்கும் குகைக்கும் இடையிலான இறக்கமும் ஏற்றமும் மூட்டு வலி உள்ளவர்களுக்குக் கடினம். கடல் அமைதியாக உள்ள நாட்களில் பாலத்தருகிலிருந்து தீவின் பின்புறப் பாறைக்குச் சிறு படகு விடுகிறார்கள். அதில் சென்றால் குகையைப் பார்க்கும் உழைப்பு பாதியாகக் குறையும். பெரிய புத்தரின் வளாகம் சமதளம். ஹசேதெராவில் கன்னொன் மண்டபத்துக்கு ஏற மின்தூக்கி இருக்கிறதா என்பதை நுழைவாயிலிலேயே கேளுங்கள். இல்லையென்றாலும் நிதானமாக ஏறக்கூடிய படிகள்தான். ஜூன் மாதம் வேண்டாம். ஹைட்ரேஞ்சா பூக்கும் காலமாதலால் ஹசேதெராவில் நிற்க இடமிராது.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா? (வாசகி, திருநெல்வேலி)

தேடினால் கிடைக்கும், தற்செயலாகக் கிடைக்காது. கடற்கரை முழுவதும் ஷிரசு என்னும் பொடிமீன் சோறுதான் சிறப்பு உணவு. காய்கறி மட்டும் போட்டதாகத் தோன்றும் நூடுல்ஸ் குழம்பும் பெரும்பாலும் உலர்ந்த மீனைக் கொதிக்கவைத்த சாற்றில் செய்ததாகவே இருக்கும். இறைச்சி சாப்பிட மாட்டேன் என்று மட்டும் சொன்னால், மீன்சாற்றைத் தவிர்க்க வேண்டும் என்பது அவர்களுக்கு விளங்காது. ஆகவே, மீன்சாறும் கூடாது என்று ஜப்பானிய மொழியில் எழுதிய சீட்டைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். துறவியர் மரபில் புலாலின்றிச் சமைக்கும் ஷோஜின் உணவு காமகுராவில் உண்டு, முன்பதிவு செய்தால் நல்லது. புளிச்சோறு கட்டிக்கொண்டு போனாலும் குற்றமில்லை, ஆனால் கடற்கரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம். பருந்துகள் பின்புறமாகப் பாய்ந்து கையில் இருப்பதைப் பறித்துச் செல்லும். எச்சரிக்கைப் பலகைகளே வைத்திருக்கிறார்கள். நெரிசலான தெருக்களில் நடந்துகொண்டே சாப்பிடுவதைத் தவிர்க்குமாறு காமகுரா நகராட்சி 2019-இல் விதி வகுத்திருக்கிறது. தண்டனை இல்லை என்றாலும் மதிப்பது மரியாதை.

கேள்வி: கடலுக்குள் நிற்கும் சிவப்பு வாயில் காமகுராவில் இருக்கிறதா? (வாசகர், புதுச்சேரி)

இல்லை. நீங்கள் படத்தில் பார்த்தது ஹிரோஷிமாவுக்கு அருகே மியாஜிமா தீவிலுள்ள இத்சுகுஷிமா ஆலயத்தின் வாயில். டோக்கியோவிலிருந்து ஒருநாள் பயணத்தில் அதை அடக்குவது வீண் அலைச்சல். ஹிரோஷிமாவில் தங்கினால் அதுவும் நல்ல ஒருநாள் பயணம்தான். கரையிலிருந்து படகில் பத்தே நிமிடம். அங்கும் வழிபடப்படுவோர் எனோஷிமாவின் அதே மூன்று சகோதரியரே. 1168 வாக்கில் தைரா நோ கியொமோரி என்னும் படைத்தலைவர் ஆலயத்தை இன்றைய அமைப்பில் எடுத்துக்கட்டினார். இப்போதுள்ள வாயில் 1875-இல் எழுப்பப்பட்டது. கற்பூர மரத் தூண்களைக் கொண்ட அது கடலடி மண்ணில் புதைக்கப்படாமல் தன் பாரத்தாலேயே நிற்கிறது.

செல்லும் நாளின் ஓத அட்டவணையைப் பார்த்து நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். நீர்மட்டம் 250 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் ஆலயமும் வாயிலும் மிதப்பதுபோல் தெரியும். 100 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கினால் வாயிலின் அடி வரை நடந்தே போகலாம். இரண்டையும் காண ஏறத்தாழ ஆறு மணி நேரம் தீவில் இருக்க வேண்டும். குழுவாகச் செல்பவர்கள், வண்டி திரும்பும் நேரத்தை அதற்கேற்ப முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.